சிட்டிக்கு வரிசை, டைனசோருக்கு ஜெனரேற்றர்

சென்னையில் என் வயதுக்காரர் ஒருவரிடம் 'எந்திரன்' எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் நாளும் நேரமும் உடனே வந்து விழும். 2010 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை, விடியற்காலைக் காட்சி, இன்ன தியேட்டர். டிக்கெட்டுக்கு எவ்வளவு அழுதோம் என்பதும் கூடவே வரும். யாழ்ப்பாணத்தில் அதே வயதுக்காரரிடம் 'ஜுராசிக் பார்க்' எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வருஷமே தடுமாறும். ஆனால் யார் வீட்டு விறாந்தை, யாருடைய டெக், ஜெனரேற்றர் எந்த ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு வரப்பட்டது, இடையில் எத்தனை தரம் நின்றது, யார் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார் என்பதெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்வார்.

பெரிய படமொன்றை முதன்முதலில் பார்ப்பது இரண்டு நாட்டிலும் ஒரு சடங்குதான். இந்தியாவில் அந்தச் சடங்கு நாளோடு ஒட்டிக்கொண்டது. முதல் நாள், முதல் காட்சி, எனக்குப் பிறகுதான் நீ. இலங்கையில், அதிலும் வடக்கில், அது வழியோடு ஒட்டிக்கொண்டது. படம் எந்த வழியால் வந்தது, நாங்கள் எந்த வழியால் போய்ப் பார்த்தோம் என்பதுதான் கதை. அறிவியல் புனைகதைப் படங்களை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பப் படத்தைச் சின்னத் திரையில் பார்த்தாலும் அழுகை வரும். வசனம் கேட்டால் போதும். இருபதடி டைனசோரும் நூறு ரோபோக்களும் அப்படியல்ல. திரையின் அளவும் ஒலியின் கனமும் இல்லாவிட்டால் அந்தப் படம் பாதி காணாமல் போய்விடும். ஆகவே இந்த வகைப் படங்களில்தான் இரண்டு கரைகளுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தமிழில் இந்த வகையின் முதல் பெருவெற்றி என்று எதைச் சொல்வது? 1963இல் வந்த 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்கே போய்விட்டார். ஆனால் ஊரே திரண்டது என்றால் 1973 மே 11 அன்று வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்'தான். மின்னலின் சக்தியைப் பிடித்து அடக்கும் விஞ்ஞானி முருகன், அவர் தம்பி ராஜு, இரண்டும் எம்.ஜி.ஆர். ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியில் போய்ப் படம் எடுத்திருந்தார்கள். விஞ்ஞானம் என்பது அதில் ஊறுகாய் அளவுதான் என்பது வேறு விஷயம். படம் வந்த நேரத்தில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படம் வெளிவராது என்று பேச்சு. சுவரொட்டி ஒட்டாமலே படம் வெளியானது. இந்த நிலையில் முதல் நாள் தியேட்டர் வாசலில் நின்றவன் சினிமா பார்க்க மட்டும் நிற்கவில்லை, ஓட்டுப் போடவும் நின்றான் என்றே சொல்லலாம். சென்னை தேவி பாரடைஸ் வாசலில் நின்ற தலைமுறை இன்றும் அந்தத் தேதியைச் சொல்வதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் முதல் நாள் முதல் காட்சிக்கு இருக்கிற வெறியில் சினிமாவோடு கட்சியும் கலந்திருக்கிறது.

இலங்கையில் அதே காலத்தில் நிலைமை வேறு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபின் எந்த வெளிநாட்டுப் படம் எப்போது நாட்டுக்குள் வரும் என்பதை அரசு தீர்மானித்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வேறு. பாணுக்கே வரிசை நின்ற காலம். ஆகவே சென்னையில் ஒரு படம் வெளியான நாளுக்கும் எங்கள் யாழ்ப்பாணத்தில் அது ஓடிய நாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலப் படப் பாட்டுகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கேட்டதே இலங்கை வானொலியில். பாட்டு இங்கிருந்து அங்கே உடனே போனது. படம் அங்கிருந்து இங்கே ஆறுதலாக வந்தது. அதனால் எங்கள் அப்பாமார் முதல் தடவை தியேட்டருக்குப் போகும்போதே பாட்டெல்லாம் மனப்பாடம், கதையும் பாதி தெரியும். அவர்கள் தேடிப் போனது தெரிந்த பாட்டுக்கு உருவம் பார்க்க. கலரியில் இருந்தவர் திரைக்கு முன்னமே பாடத் தொடங்கிவிடுவார் என்று அப்பா சொல்வார்.

இனி டைனசோர்.

ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கின் 'ஜுராசிக் பார்க்' 1993 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. இந்தியாவுக்கு வர 1994 ஏப்ரல் ஆயிற்று. ஆக, இந்தியரும் காத்திருந்தவர்களே. ஆனால் அந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் ஒரேயளவானது. பத்திரிகைகளில் பத்து மாதம் படித்துப் படித்து, ஒரு நாள் குறிக்கப்பட்டு, அந்த நாளில் எல்லோரும் போனார்கள். இந்தியில் குரல் மாற்றி வெளியிட்டதில் படம் வட இந்தியச் சிற்றூர்கள் வரை ஓடியது. ஹாலிவுட் படங்களை இந்திய மொழிகளில் பேச வைத்தால் பணம் கொட்டும் என்று விநியோகஸ்தர்கள் கண்டுகொண்டது அப்போதுதான். சென்னையில் அதை அப்போதே தியேட்டரில் பார்த்த நண்பர்கள் பேசும்போது முதலில் சொல்வது சத்தத்தை. டைனசோர் திரைக்கு வருமுன் நாற்காலிக் கைப்பிடியில் அதன் காலடி வந்துவிட்டதாம். டி.டி.எஸ். என்ற டிஜிட்டல் ஒலிமுறை உலகத்தில் அறிமுகமானதே அந்தப் படத்தோடுதான். அந்த ஒலிக்கு ஏற்ற தியேட்டர்கள் தமிழ்நாட்டில் அப்போது இல்லை என்றே சொல்ல வேண்டும். 1996இல் 'கருப்பு ரோஜா' வந்தபோதுதான் தமிழ்ப் படமே டி.டி.எஸ்.ஸில் பேசியது. ஆனாலும் நண்பர்கள் அதிர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஞாபகம் கொஞ்சம் ஒலியைக் கூட்டி வைத்திருக்கலாம். பரவாயில்லை.

நாங்கள் அதைப் பார்த்தது 1995 தொடக்கத்தில். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதிலிருந்து யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் கண்ணில் காண முடியாத சாமான். இராவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றுவோம். மோட்டார் சைக்கிள்கள் கார்புரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். நகரத்துத் தியேட்டர்கள் பல மூடிக் கிடந்தன. படம் பார்ப்பதென்றால் டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, அயலட்டைச் சனம் காசு சேர்த்து, ஒரு விறாந்தையில் போடுவதுதான். கொழும்பிலிருந்து கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வரும் சாமான்களோடு கசெற்றுகளும் வரும். தமிழ்ப் படங்களுக்குப் புலிகள் இயக்கத்தின் தணிக்கை இருந்தது; ஆங்கிலப் படமென்றால் கேள்வி குறைவு.

அந்த ஜனவரி 8ஆம் தேதி அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 19இல் அது முறிந்தது. நடுவில் கிடைத்த சில மாதத்தில் பொம்மர் வருமென்ற பயம் இல்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. படம் தொடங்க முன்னமே வீட்டுக்காரப் பெரியம்மா, "தம்பி, உந்த யன்னலைச் சாத்து, வெளிச்சம் தெரியுது" என்றார். வெளியே நிலா பகல் போல எறித்துக்கொண்டிருந்தது.

ஜெனரேற்றரைக் கிணற்றடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், சத்தம் கேளாமல் இருக்க. கேட்டது. ரீவி மூன்றாவதோ நான்காவதோ கொப்பி எடுத்த கசெற்றைக் காட்டியது. மழை பெய்யும் காட்சியில் மழை எது, கசெற்றின் கீறல் எது என்று பிரிக்க முடியாது. எல்லோருக்கும் ஆங்கிலம் விளங்காது என்பதால் பக்கத்து ஒழுங்கை ஆங்கில ஆசிரியரை ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். அவர் கதாபாத்திரங்களின் பேச்சைத் தொகுத்துச் சொல்ல வேண்டும். படத்தில் அந்தக் கொழுத்த கணினிக்காரன் களவெடுத்துக்கொண்டு ஓடுவதற்காக எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறான். திரையில் ஒரே பதற்றம்.

"இப்ப என்னவாம் மாஸ்டர்?"

"கறண்ட் போட்டுதாம். வேலிக்குக் கறண்ட் இல்லையாம்."

விறாந்தை முழுக்கச் சிரித்தது. ஐந்து வருஷமாகக் கறண்ட் இல்லாத சனத்துக்கு எங்கோ ஒரு தீவில் ஒரு ராத்திரி கறண்ட் போனதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று. பின்னால் அந்தப் பெண் தனியாக ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் போடும் கட்டத்தில், உலகத்துத் தியேட்டர்களில் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். எங்கள் விறாந்தையில் ஒரு கிழவர், "போட்டாலும் வராது பிள்ளை" என்றார்.

அந்தப் படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி ஒன்று: காருக்குள் வைத்த தண்ணீர்க் கோப்பையில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். டைனசோர் வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கும் தெரிந்தது, காலடிச் சத்தத்தால் அல்ல. கிணற்றடி ஜெனரேற்றர் 'டுக்கு டுக்கு' என்று அடித்த அடியில் ஸ்பில்பெர்க்கின் டைனசோர் சத்தமில்லாமல்தான் நடந்தது. மாஸ்டர் சொன்னார்: "வருது." அவ்வளவுதான் ஒலி.

இப்படிப் பார்த்ததை இப்போது பலர் உருகி உருகி எழுதுகிறார்கள். ஊர் கூடி இருந்தது, கச்சான் பகிர்ந்து தின்றது, இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஒற்றுமை கிடைக்குமா என்றெல்லாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றுமை தேவைப்பட்டது ஒருவரிடமும் தனியாக எரிபொருள் வாங்கக் காசில்லாததால். நாங்கள் பார்த்தது 'ஜுராசிக் பார்க்'கின் கதையை. படத்தைப் பார்த்தவன் சென்னைக்காரன். 2013இல் அது முப்பரிமாணத்தில் மறுபடி வந்தபோது சென்னையில் போய் உட்கார்ந்தேன். 127 நிமிஷப் படத்தில் டைனசோர் திரையில் தெரிவது மொத்தமாகப் பதினைந்து நிமிஷம்தான் என்று பிற்பாடு வாசித்தேன். மிச்சமெல்லாம் சத்தமும் எதிர்பார்ப்பும். அதாவது ஜெனரேற்றர் விழுங்கிய பங்குதான் படத்தின் பெரும்பங்கு.

ஸ்பில்பெர்க்கைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. டைனசோருக்குப் பத்து வருஷம் முன்னர், 1983 ஏப்ரலில் அவர் கண்டியில் படப்பிடிப்புக்கு வந்து நின்றார். 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படம். கதை நடப்பது இந்தியாவில். திரைக்கதையில் மாற்றம் வேண்டும் என்று இந்திய அரசு கேட்டதால் ஹந்தானை மலையை இந்தியக் கிராமமாக்கினார்கள். மூன்று மாதத்தில் ஆடிக் கலவரம் வந்து, நாட்டின் தியேட்டர்கள் பல எரிந்தன. உலகத்தின் மிகப் பெரிய இயக்குநர் வந்து படமெடுத்த நாட்டில், அவருடைய டைனசோர் படத்தைப் பெருந்திரையில் பார்க்க வடக்குப் பிள்ளைகளுக்கு வழியில்லாமல் போயிற்று. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் சாகும்வரை இலங்கையில்தான் இருந்தார் என்பதையும் இதோடு சேர்த்து வைக்கலாம். விண்வெளிப் படங்களின் தாத்தா கொழும்பில். பேரப்பிள்ளைகள் ஜாம் போத்தல் வெளிச்சத்தில்.

குரல் மாற்றும் விஷயத்தில் இரண்டு நாடும் எதிரெதிர்ப் பாதையில் போயின. கொழும்பில் லிபர்ட்டி, மஜெஸ்டிக், சவோய் போன்ற தியேட்டர்களில் ஆங்கிலப் படம் ஆங்கிலத்திலேயே ஓடும். விளங்காதவர் போகமாட்டார், அல்லது விளங்கின மாதிரி இருந்துவிட்டு வருவார். தமிழ்நாட்டிலோ இரண்டாயிரங்களில் ஹாலிவுட் படம் ஒவ்வொன்றும் தமிழ் பேச ஆரம்பித்தது. 2009 டிசம்பர் 18 அன்று 'அவதார்' ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தது. வேற்றுக் கிரகத்து நீல மனிதர் தமிழ் பேசுவதைக் கேட்டு மதுரைக்காரர் விசிலடித்தார். அந்தத் தமிழ் எந்தத் தமிழ் என்றால், பெரும்பாலும் கோடம்பாக்கத் தமிழ். யாழ்ப்பாணத்தில் இந்தியத் தொலைக்காட்சி வழியாக அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 'மச்சி' என்ற சொல்லை விண்வெளி வீரரிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள். எங்கள் மாஸ்டர் பக்கத்தில் கதிரை போட்டுச் சொன்ன 'கறண்ட் போட்டுதாம்' எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் பதிவாகவில்லை.

'எந்திரன்' வந்தபோது நான் சென்னைவாசி. படத்தின் பழைய கதையை இங்கே எல்லோரும் அறிவார்கள்: தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கமலுக்காக யோசித்தது, பிறகு ஷாருக் கான் பெயர் அடிபட்டது, கடைசியில் ரஜினி. எழுத்தாளர் சுஜாதா 2008இல் காலமானார். தன் வசனத்தை ரோபோ பேசுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் ஒரே நாளில் வெளியீடு. முன்பதிவு திறந்த அன்று வாசலில் போய் நின்றால் கவுண்டர்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார்.

"சார், வெள்ளிக்கிழமை கேக்காதீங்க. ஃபுல்லா மன்றத்துக்குப் போயிடுச்சு. திங்கக்கிழமை மேட்னி வேணா பாருங்க."

வெள்ளிக்கிழமை விடியற்காலை வேடிக்கை பார்க்கவென்று போனேன். ஜப்பான் பொம்மை மாதிரி மினுங்கும் ரோபோ சிட்டியின் கட்-அவுட். அதன் உச்சியில் ஒருவர் ஏறி நின்று பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கிழித்து ஊற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்றவர் ஒரு டிரே தீர்ந்ததும் அடுத்த டிரேயைத் தூக்கிக் கொடுத்தார். இயந்திர மனிதனுக்குப் பால் அபிஷேகம் என்பதில் ஒருவருக்கும் எந்த முரணும் படவில்லை; தண்ணீர் பட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்று யாரோ கத்தினார், சிரிப்பு. திங்கட்கிழமை உள்ளே போனபோது வேறு ஒன்று கவனித்தேன். ரஜினி படங்களில் வழக்கமான அறிமுகப் பாட்டு ஆட்டம் இதில் இல்லை. தாடியும் கண்ணாடியுமாக ஒரு விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார். ரசிகர் கூட்டம் ஒரு கணம் எங்கே கத்துவது என்று தெரியாமல் திணறியது. பிற்பகுதியில் கெட்ட சிட்டி ஆட்டைப்போலக் கனைத்துச் சிரித்தபோதுதான் கூரை பிய்ந்தது. நல்லவரை வழிபடப் போனவர்கள் வில்லனுக்குக் கைதட்டிவிட்டு வந்தார்கள்.

அதே மாதம் ஊருக்குப் போக நேர்ந்தது. போர் முடிந்து ஒன்றரை வருஷம். ஏ9 பாதை திறந்திருந்தது, ஊரடங்கு எடுபட்டிருந்தது. சந்திக்குச் சந்தி இராணுவம் நின்றது. அந்த ஜூனில் கொழும்பில் நடந்த இந்தியத் திரைப்பட விருது விழாவைத் தென்னிந்தியத் திரையுலகம் புறக்கணித்திருந்தது. 'எந்திரன்' நாயகி ஐஸ்வர்யா ராயும் போகவில்லை. நட்சத்திரம் வராத நாட்டுக்கு நட்சத்திரத்தின் படம் நாலே மாதத்தில் வந்துவிட்டது. ஒரு சின்ன வசதியும் சேர்ந்திருந்தது. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளியிருந்தது. புலிகளின் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் இந்திய நேரத்துக்கே திரும்பியது. ஆக, சென்னைக்காரனும் யாழ்ப்பாணத்தானும் ஒரே மணிக்கு ஒரே படத்தைப் பார்க்கக் கடிகாரமும் வசதியாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலும் பதாகை இருந்தது, மாலை இருந்தது, விசிலும் இருந்தது. ஆனால் நான் போனது இரவுக் காட்சிக்கு. அங்கேதான் வித்தியாசம். சென்னையில் விடியற்காலைக் காட்சிக்கு வந்தவர்கள் இளந்தாரிகள். வீட்டில் சொல்லாமல்கூட வந்திருப்பார்கள். இங்கே குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கைக்குழந்தை, அம்மம்மா, போத்தலில் தண்ணீர், பொட்டலத்தில் கடலை. இரவில் வெளியே வந்து, இரவில் வீட்டுக்குத் திரும்பலாம் என்ற ஒன்றுக்காகவே பலர் அந்தக் காட்சியைத் தேர்ந்திருந்தார்கள். படம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரிக்கற் எடுத்தது இரவுக்கும் சேர்த்துத்தான். வருஷக்கணக்காகப் பின்னேரம் ஆறு மணிக்குப் படலை சாத்திய ஊர் அது.

படத்தில் சிட்டி மின்சார ரயிலில் சண்டை போடும்போது பற்றரி இறங்கிவிடும். தூக்கி வெளியே எறிவார்கள். பிறகு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு திரும்ப வந்து அடிப்பான். சென்னையில் அந்தத் திரும்பிவரும் இடத்துக்குத்தான் கைதட்டல். இங்கே கதாநாயகன் பற்றரி இறங்கித் தொய்ந்த இடத்திலேயே சிரிப்பு எழும்பியது. எனக்குப் பின் வரிசையில் ஒருவர் தன் பெண்சாதிக்குச் சொன்னார்: "எங்கட ஜெனரேற்றரும் உப்பிடித்தானே கடைசிக் கட்டத்தில நிக்கிறது." கொசுக்களோடு சிட்டி பேசி, ரங்குஸ்கி என்ற கொசுவைத் தேடும் காட்சி வந்தபோது ஒருவர் தன் காலில் அடித்து, "ரங்குஸ்கி இஞ்ச நிக்குது" என்றார். இரண்டு தியேட்டரிலும் பார்த்தது ஒரே படம், ஒரே பிரதி. சிரித்த இடங்கள் மட்டும் வேறு.

பிறகு இடைவெளி வேகமாகச் சுருங்கியது. 2013இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் வந்தது; அதற்குள் தியேட்டர்கள். 2018 நவம்பர் 29 அன்று 'எந்திர'னின் அடுத்த பாகமான '2.0' வந்தபோது முறை தலைகீழாகியும் போயிற்று. அப்போதைக்கு இந்தியாவின் மிகச் செலவு பிடித்ததாக இருந்த அந்த அறிவியல் படத்துக்குப் பணம் போட்ட லைக்கா நிறுவனத்தின் சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். எங்கள் பக்கம் ஒருகாலத்தில் படம் பார்க்க ஒழுங்கையில் காசு சேர்த்தோம். இப்போது எங்கள் ஆள் ஒருவர் காசு போட்டு, சென்னை பார்க்கிறது. அதற்கு முந்தைய வருஷம், அந்த நிறுவனம் வவுனியாவில் கட்டிக்கொடுத்த 150 வீடுகளைக் கையளிக்க ரஜினியே வருவதாக இருந்தது. தமிழ்நாட்டு அரசியல் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள், அவர் வரவில்லை. ஈழத்தமிழர் நலனுக்காகவே தடுத்ததாகச் சொன்னார்கள். வீடு வாங்கக் காத்திருந்தவர்களில் ஒருவருக்காவது ரஜினியைக் கண்ணால் கண்டிருக்கலாம் என்ற ஆசை இருந்திருக்காதா? கட்-அவுட்டுக்கு மேலே ஏறிப் பால் ஊற்றும் உரிமை சென்னைக்கு உண்டு என்றால், ஆளை நேரில் பார்க்கும் ஆசை எங்கள் பக்கத்துக்கு இருப்பதில் என்ன குற்றம்?

முதல் நாள் வெறியிலும் தமிழ்நாட்டில் கை வைத்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் பெரிய நடிகர்களின் படங்கள் வெளியான நாளில் கோயம்பேட்டுத் தியேட்டர் வாசலில் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் விழுந்து இறந்தார். அதன்பின் விடியற்காலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை. காலை ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. பக்கத்து மாநிலங்களில் அதற்குள் ஒரு காட்சி முடிந்துவிடும். ஓசூர்க்காரர் பெங்களூருக்கும், தென்காசிக்காரர் கேரளத்துக்கும் எல்லை தாண்டிப் போகிறார்கள். 2024 ஜூனில் 'கல்கி 2898 ஏடி' வந்தபோது தெலங்கானாவில் விடியலிலேயே ஓட்ட அனுமதி கொடுத்தார்கள். தமிழ்நாட்டு ரசிகர் ஒன்பது மணிவரை கைபேசியைத் திறக்காமல் இருக்கப் பாடுபட்டார். படம் பார்க்க வழி தேடி வெளியே போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அது அந்தப் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. உயிர் போனபின் வந்த தடை அது; அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உறங்கிவிட்டு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் படம் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கட்சி. என் சென்னை நண்பர்கள் யாரும் இந்தக் கட்சியில் சேர்வதாக இல்லை.

'கல்கி'க்கு யாழ்ப்பாணத்திலிருந்து மருமகள் கைபேசியில் கேட்டாள், ஆசன வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு: "மாமா, மூண்டு டியில பாக்கவோ, சும்மா பாக்கவோ? காசு கூட."

சும்மா பார், ஆனால் சத்தம் நல்ல தியேட்டராகப் பார்த்துப் போ என்றேன்.